பத்து நாள் லண்டன்: காசு கொடுத்துப் பார்க்கத் தகுந்தது எது?

2024 மார்ச் 8 (வவுனியாவிலிருந்து ஒரு வாசகியின் கேள்வி)

அம்மாவுக்கு 68 வயது. அண்ணா லண்டனிலிருந்து கூப்பிட்டு விசாவும் கிடைத்துவிட்டது. ஜூனில் பத்து நாள் நிற்கலாம், எனக்கு லீவு அவ்வளவுதான். இணையத்தில் தேடினால் கட்டாயம் பார்க்கவேண்டிய 50 இடங்கள் என்று போட்டிருக்கிறார்கள். ரிக்கற் விலையை ரூபாவில் பெருக்கிப் பார்த்தால் தலை சுற்றுகிறது. அண்ணாவோ லண்டனில் பார்க்க ஒன்றுமே இல்லை, எல்லாம் காசு பிடுங்குகிற வேலை என்கிறார். உண்மையா? வன்னியிலிருந்து போய்ப் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

மார்ச் 9

அண்ணா சொல்வது பிழை. அங்கேயே இருக்கிறவர் அப்படித்தான் சொல்வார். நாங்கள் மட்டும் என்ன, இரணைமடுக் குளத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு வான்கதவு திறந்தால்தானே போய் எட்டிப் பார்க்கிறோம்?

நான் கிளிநொச்சியில் மணிக்கூடு திருத்துகிறவன். போன வருடம் ஜூலையில் அக்காவோடு போய் ஒரு மாதம் நின்றேன். ஈஸ்ட்ஹாமில் அக்காவின் மகள் வீடு. அக்காவுக்கு 71 வயது, முழங்கால் வருத்தம். ஆகவே நான் சொல்லப்போவது முழங்கால் நோகிற ஒருவரோடு ஆறுதலாக நடந்து பார்த்த லண்டன். உங்கள் அம்மாவுக்கு இது பொருந்தும்.

முதல் நாள் அக்காவின் பேரன் ஒரு பட்டியல் போட்டான். அரண்மனை, பெரிய மணிக்கூடு, ராட்சத ராட்டினம், சதுக்கம், இன்னும் ஏதோ ஒன்று. ஐந்து இடம், ஒரே நாள். பின்னேரம் நாலு மணிக்கு டிரவல்கர் சதுக்கத்தில் அக்கா படியில் இருந்துவிட்டார். "தம்பி, நாளைக்கு ஒரு இடம் மட்டும் சொல்லு. அங்க போய் இருப்பம்" என்றார். அன்றிலிருந்து ஒரு நாளைக்கு ஓர் இடம்தான். சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு போவோம், இருந்து பார்ப்போம், திரும்புவோம். ஒரு மாதத்தில் பத்துப் பன்னிரண்டு இடம் பார்த்தோம். ஒவ்வொன்றும் அப்படியே நினைவில் நிற்கிறது.

என் கணக்கு இது. காசு கொடுத்துப் பார்க்கத் தகுந்தது கிரீனிச் வானோக்கு நிலையம். காசில்லாமல் பார்க்கத் தகுந்தவை பிரிட்டிஷ் மியூசியமும் சயன்ஸ் மியூசியத்தின் மணிக்கூட்டு மாடியும். ராட்டினம் (லண்டன் ஐ) வேண்டாம். 135 மீற்றர் உயரம், ஒரு சுற்றுக்கு அரை மணித்தியாலம், அவ்வளவுதான். கிரீனிச் குன்றில் ஏறினால் நகரம் முழுக்க இலவசமாகத் தெரியும். லண்டன் கோபுரம், அதாவது கோட்டை, அதுவும் வேண்டாம். ஒரு ஆளுக்கு 30 பவுணுக்கு மேல். ஒரு பவுண் ஏறத்தாழ 400 ரூபா என்று வையுங்கள்.

மார்ச் 10

ஒன்று விட்டுவிட்டேன். பஸ்ஸில் காசு வாங்க மாட்டார்கள். வங்கி அட்டையையோ ஓய்ஸ்ரர் என்கிற பயண அட்டையையோ ஏறும்போது தட்டவேண்டும். ஒரு தரம் தட்டினால் 1.75 பவுண். அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் வேறு பஸ்ஸில் மாறி ஏறினாலும் திரும்ப வெட்ட மாட்டார்கள். அம்மாவால் படி ஏற முடியுமென்றால் 15ஆம் இலக்க பஸ்ஸின் மேல்தட்டில் முன் இருக்கை பிடியுங்கள். கோட்டை, சென்ற் போல்ஸ் தேவாலயம், டிரவல்கர் சதுக்கம் எல்லாம் கண்ணாடிக்கு நேரே வரும். சுற்றுலாப் பஸ்ஸுக்குக் கொடுக்கிற காசு மிச்சம்.

மார்ச் 14

பிக் பென் ஏன் பட்டியலில் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு ரிக்கற் தேவையில்லை, தெருவில் நின்று பார்க்கலாம், அதனால்தான் எழுதவில்லை. ஆனால் எனக்கு அந்த ஊரில் முதல் ஆசையே அதுதான்.

ஈஸ்ட்ஹாமிலிருந்து பச்சைக் கோட்டு ரெயினில் மாறாமல் போய் வெஸ்ற்மின்ஸ்ரரில் இறங்கினோம். படி ஏறி வெளியே வந்து நிமிர்ந்தால் தலைக்கு மேலே நிற்கிறது. பதினெட்டு வயதில் முதல் மணிக்கூட்டைத் திறந்தவன் நான், 45 வருடமாகிறது. என் கண் வில்லைக்குள் இருக்கிற உலகம் ஒரு விரல் நகத்தளவு. இங்கே நிமிட முள் மட்டும் 4.2 மீற்றர், என் கடையின் அகலத்தைவிட நீளம். கொஞ்ச நேரம் எனக்குக் கதை வரவில்லை.

ஐந்து வருடம் திருத்த வேலை செய்து 2022இல் முடித்திருக்கிறார்கள். முள்ளும் எண்ணும் கறுப்பாக இருந்ததைச் சுரண்டிப் பார்த்தபோது அடியில் பழைய நீலம் இருந்ததாம். இப்போது அந்த நீலத்துக்கே திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். வெயிலில் நல்ல வடிவு.

பட்டியல்காரர்கள் எழுதாத ஒன்றைச் சொல்கிறேன். அந்த மணிக்கூடு இன்றைக்கும் ஊசலில்தான் ஓடுகிறது. ஊசலின் மேல் பழைய பென்னிக் குற்றிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு குற்றியைக் கூட வைத்தால் ஒரு நாளைக்கு 0.4 செக்கன் வேகம் கூடும், எடுத்தால் குறையும். ஒரு நாட்டின் நேரத்தை ஒரு செப்புக்காசால் சரிபார்க்கிறார்கள். எங்கள் பக்கத்து வீடுகளில் இருந்த பழைய சுவர் மணிக்கூடுகளுக்கு, அடித் திருகாணி தேய்ந்து பிடிக்காமல் போனால், நானும் ஊசலில் ஒரு சதக் குற்றியை மெழுகால் ஒட்டி விடுவேன். அது ஏதோ என் கைப்பழக்கம் என்று நினைத்திருந்தேன். அங்கேயும் அதேதான் என்று அறிந்தபோது வந்த சந்தோசத்தைச் சொல்லத் தெரியவில்லை.

மணியோசையைக் கேட்கவென்று பாலத்தைக் கடந்து ஆற்றின் மறுகரைக்குப் போய் ஒரு வாங்கில் இருந்தோம். இந்தப் பக்கத்தில் நின்றால் வாகனச் சத்தம் கேட்க விடாது. பன்னிரண்டு அடித்தது. அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எங்கயோ வெடிச்ச மணி மாதிரிக் கேக்குதடா" என்றார். உண்மைதான், வெடித்த மணிதான். 1859இல் அடிக்கத் தொடங்கி இரண்டு மாதத்தில் கீறல் விழுந்துவிட்டது, சுத்தியல் பாரம் கூடிப்போச்சு. மணியைக் கொஞ்சம் திருப்பி, இலேசான சுத்தியல் போட்டு, அந்தக் கீறலோடேயே இன்றுவரை அடிக்கிறார்கள். அக்காவுக்கு இது ஒன்றும் முன்பே தெரியாது. கோயில் மணி கேட்டுப் பழகிய காது.

உள்ளே ஏற 334 படி. அம்மாவை விட்டுவிடுங்கள்.

மார்ச் 15

மாங்குளத்திலிருந்து ஒருவர் திருத்தியிருக்கிறார்: பிக் பென் என்பது மணியின் பெயர், மணிக்கூட்டின் பெயரல்ல, கோபுரத்துக்கு 2012இலிருந்து எலிசபெத் கோபுரம் என்று பெயர். சரி. நேற்று நானே இரண்டையும் கலந்து எழுதிவிட்டேன்.

அதோடு இதையும் சேர்க்கிறேன். எங்கள் ஆட்கள் லண்டன் பாலம் என்று அனுப்புகிற படம் முக்கால்வாசி லண்டன் பாலமல்ல. இரண்டு கோபுரத்தோடு நடுவில் தூக்கித் திறக்கிறது ரவர் பாலம், 1894இல் திறந்தது. லண்டன் பாலம் அதற்குப் பக்கத்தில், பார்க்கச் சாதாரணமான ஒன்று. முன்பிருந்த லண்டன் பாலத்தை 1968இல் ஓர் அமெரிக்கருக்கு விற்றுவிட்டார்கள். அவர் கல்லுக் கல்லாகக் கழற்றிக்கொண்டு போய் அரிசோனாவில் திரும்பக் கட்டினார்.

மார்ச் 22

கிரீனிச். இதை ஒரே மூச்சில் எழுத முடியவில்லை, இரண்டு இரவாக எழுதுகிறேன்.

படகிலும் போகலாம். நாங்கள் சின்ன ரெயினில் ஐலண்ட் கார்டன்ஸில் இறங்கி, ஆற்றுக்கு அடியால் போகிற நடைசுரங்கத்தால் போனோம். 1902இல் கட்டியது, இலவசம், இறங்க ஏற லிப்ற் இருக்கிறது. வெள்ளை ஓடு பதித்த நீளக் குழாய். உள்ளே நடக்கும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மேல ஆறா?" என்றார். ஓம் என்றேன். பிறகு பேச்சில்லை. பாதி வழியில், "எங்களிட்ட இப்பிடி ஒண்டு இருந்திருந்தா எத்தனை சனம் இருந்திருக்கும் இதுக்குள்ள" என்றார். பனங்குற்றியும் மண்மூட்டையும் வைத்துப் பதுங்குகுழி வெட்டிய ஆட்களுக்குச் சுரங்கத்தைக் கண்டால் அதுதான் நினைவுக்கு வரும். உங்கள் அம்மாவுக்கும் அப்படி ஒரு பயம் இருக்குமென்றால் படகில் போங்கள்.

குன்றில் ஆறுதலாக ஏறினோம். வானோக்கு நிலையத்தின் மதிலில் வெளிப்பக்கம் ஒரு மணிக்கூடு இருக்கிறது, 1852ஆம் ஆண்டுக்குரியது, ரிக்கற் இல்லாமல் பார்க்கலாம். முகத்தில் 24 மணித்தியாலமும் இருக்கும். மத்தியானம் முள் நேரே கீழே நிற்கும். பார்த்தவுடன் எனக்குத் திடுக்கிட்டது, அது ஒரு மணித்தியாலம் பிந்தி நின்றது! உலகத்துக்கே நேரம் கொடுக்கிற இடத்தில் பிந்திய மணிக்கூடா? வாசலில் நின்ற காவலாளியிடம் பேரப்பிள்ளையைக் கொண்டு கேட்பித்தேன். அவர் சிரிக்கவில்லை, நல்ல மனிதர், விளங்கப்படுத்தினார். கோடையில் நாடு முழுக்க ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவிடுவார்கள். இந்த மணிக்கூட்டை மட்டும் தொட மாட்டார்கள். இது எப்போதும் பழைய நேரம்தான் காட்டும்.

பழைய நேரம். அந்தச் சொல்லைக் கேட்டதும் நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

உங்களுக்கு வயது எத்தனையோ தெரியாது பிள்ளை, அம்மாவைக் கேட்டால் சொல்வார். 1996 மே மாதம் அரசாங்கம் மின்சாரத்தை மிச்சப்படுத்தவென்று நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. ஒக்ரோபரில் அதில் அரை மணித்தியாலத்தைத் திரும்பக் குறைத்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி இரண்டையும் ஏற்கவில்லை, கிரீனிச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்திய பழைய நேரத்திலேயே நின்றது. ஆகப் பத்து வருடம் ஒரே தீவில் இரண்டு நேரம். வவுனியாவில் பத்து மணியென்றால் எங்களுக்கு ஒன்பதரை. யாராவது நேரம் சொன்னால் "பழைய நேரமா புது நேரமா?" என்று கேட்காமல் விட்டது கிடையாது. 2002இல் வவுனியாவுக்குப் போகிற ஏ9 பாதை திறந்த பிறகு என் கடைச் சுவரில் இரண்டு மணிக்கூடு தொங்கவிட்டேன். வவுனியாவில் பஸ் பிடிக்கப் போகிறவர்கள் வலப்பக்கத்து மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுப் போவார்கள். 2006 சித்திரையில் கொழும்பு ஐந்தரைக்கே திரும்பி வந்தது. ஏணியில் ஏறி வலப்பக்கத்து மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பினேன். இரண்டும் ஒரே நேரம் காட்டின. ஆவணியில் பாதை பூட்டிவிட்டார்கள்.

ரிக்கற் எடுத்து உள்ளே போனால் முற்றத்தில் உலகத்தைக் கிழக்கு மேற்காகப் பிரிக்கிற பூச்சியக் கோடு, தரையில் உலோகத்தால் பதித்திருக்கிறார்கள். சனம் ஒரு கால் கிழக்கிலும் ஒரு கால் மேற்கிலும் வைத்துப் படம் எடுக்கிறது. அதற்கு வரிசை. நான் அந்த வரிசையில் நிற்கவில்லை, மணிக்கூட்டு அறைக்குப் போய்விட்டேன். ஹரிசனின் முதல் நான்கு மணிக்கூடும் அங்கேதான். ஜோன் ஹரிசன் தச்சன். நடுக்கடலில் கிழக்கு மேற்காக எங்கே நிற்கிறோம் என்று அறிய வழி கண்டுபிடித்தால் 20,000 பவுண் வரை தருவதாக 1714இல் பாராளுமன்றம் சட்டம் போட்டது. கப்பலில் ஆடி ஓடினாலும் நேரம் பிசகாத மணிக்கூடு அதற்கு ஒரு வழி. அந்த மனிதர் ஒன்று செய்தார், திருப்தியில்லை, இரண்டாவது, மூன்றாவது என்று முப்பது வருடத்துக்குக் கிட்டப் போராடிவிட்டு, நாலாவதை உள்ளங்கையளவில் செய்தார். 1761இல் ஜமேக்காவுக்குக் கொண்டுபோனார்கள், 81 நாளில் ஐந்து செக்கன்தான் பிந்தியது. காசை முழுக்கக் கொடுக்க இழுத்தடித்து, 80 வயதில்தான் மிச்சத்தைக் கொடுத்தார்கள்.

முதல் மூன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. முதலாவதில் இரண்டு பித்தளைத் தண்டு ஒன்றையொன்று பார்த்து ஆடுகிறது, கும்பிட்டுக் கும்பிட்டு எழும்புகிற மாதிரி. நான் அதன் முன்னால் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அக்கா வந்து தோளில் தட்டினார். நாலாவது நிற்கிறது. ஏன் நிற்கிறது என்பதைப் பிறகு எழுதுகிறேன்.

வெளியே வந்தால் கூரையில் ஒரு சிவப்புப் பந்து. 1833இலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு மணிக்கு விழுகிறது. ஆற்றில் நிற்கிற கப்பல்கள் அதைப் பார்த்துத் தங்கள் மணிக்கூட்டைச் சரிசெய்யுமாம். 12.55க்குப் பாதி ஏறும், 12.58க்கு உச்சிக்குப் போகும். அந்த நேரத்துக்குக் கீழே நில்லுங்கள், தவறவிட வேண்டாம்.

மார்ச் 23

அந்தக் கோட்டில் போனை வைத்துப் பார்த்தால் பூச்சியம் காட்டாது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மை. செய்மதிக் கணக்கில் பூச்சியக் கோடு அங்கிருந்து 102 மீற்றர் கிழக்கே, பூங்காவுக்குள் போகிறது. கோடு பிழையென்று நினைக்கவேண்டாம், பழைய தொலைநோக்கி நின்ற இடத்தை வைத்துப் போட்ட கோடு அது.

மார்ச் 29

பக்கிங்ஹாம் அரண்மனைக் காவல் மாற்றம்: பதினொரு மணிக்கு, எல்லா நாளும் இல்லை, முதலே பார்த்துவிட்டுப் போங்கள். வேலியருகே நிற்க ஒன்றரை மணித்தியாலம் முந்திப் போகவேண்டும். எங்களுக்குத் தெரிந்தது முன்னால் நின்றவரின் முதுகுப்பை. பாண்டு வாத்தியம் நன்றாகக் கேட்டது.

ஏப்ரல் 2

பிரிட்டிஷ் மியூசியம் இலவசம், பை சோதிப்பார்கள். எகிப்துப் பிணங்களைப் பார்க்கச் சனம் முண்டியடிக்கும். நீங்கள் நேரே 33ஆம் அறைக்குப் போங்கள். அங்கே எங்கள் தீவிலிருந்து போன தாரை என்கிற பௌத்தப் பெண் தெய்வம் நிற்கிறார். எட்டாம் நூற்றாண்டு, திண்ம வெண்கலம், மேலே பொன் பூச்சு, 143 சென்ரிமீற்றர் உயரம். வலது கை கீழே விரிந்து கொடுக்கிற பாவனை. இடது கையில் பிடித்திருந்தது இப்போது இல்லை. கொண்டையில் ஒரு குழி, அதில் பெரிய கல் ஒன்று இருந்திருக்கவேண்டும். இடை ஒரு பக்கம் இலேசாக ஒடிந்து நிற்கிறது. பின்பக்கம் போய்ப் பாருங்கள், சேலை கணுக்காலில் முடிகிற இடத்தில் மடிப்பை வார்த்த வேலை, ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முந்திய வேலை, ஒரு பிசிறு இல்லை.

அக்கா கைப்பையை என்னிடம் தந்துவிட்டுக் கும்பிட்டார். அவருக்குத் தாரை தெரியாது. "அம்மன்" என்றார், அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெண் ஒருவர் படமெடுக்க வைத்திருந்த போனைக் கீழே இறக்கிவிட்டு, அக்கா கும்பிட்டு முடியுமட்டும் நின்றார்.

பலகையில் ரொபேட் பிரவுண்ரிக் 1830இல் கொடுத்தது என்றிருக்கிறது. 1815இல் கண்டியைப் பிடித்த ஆளுநர் அவர்தான். கண்டியில் எடுத்ததாக இருக்கவேண்டும்.

ஏப்ரல் 4

இல்லை, பிழை. திரும்பப் பார்த்தேன். தாரை கிழக்குக் கரையில், திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் கண்டெடுக்கப்பட்டவர். கண்டியோடு முடிச்சுப் போட்டது நான்.

கண்டியிலிருந்து போனது வேறு. கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் சிம்மாசனமும் முடியும் இங்கிலாந்துக்குப் போய், 1934இல் திரும்பி வந்தன. இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கின்றன. கேட்டால் கொடுக்கவே மாட்டார்கள் என்று சொல்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

ஏப்ரல் 19

கோட்டை வேண்டாம் என்று மார்ச் 9இல் எழுதினேன். அம்மா கோகினூர் வைரம் பார்க்க ஆசைப்படுகிறார், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கிழமையாக யோசித்தேன். நான் எழுதியது நியாயமில்லை. காசைக் காரணம் காட்டினேன், உண்மைக் காரணம் அதுவல்ல.

அங்கே கருநீலமும் சிவப்பும் உடுப்புப் போட்ட காவலர்கள் கூட்டிக்கொண்டு போய்க் கதை சொல்வார்கள். 22 வருடமாவது படையில் இருந்தவர்களைத்தான் அந்த வேலைக்கு எடுப்பார்கள். நல்ல கதைசொல்லிகள். ஆனால் ராணி ஆன் பொலினை 1536இல் தலை வெட்டிய இடத்தில் நின்று வாள், கழுத்து என்று பகிடி சொன்னபோது கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை.

2009க்குப் பிறகு எங்கள் ஊரில் விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியைப் பார்க்கத் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வந்தது உங்களுக்கும் தெரியும். பக்கத்தில் ஞாபகப் பொருள் விற்கிற கடையும் போட்டார்கள். நான் மீள்குடியேறி வந்து, கூரையில்லாத கடையில் தறப்பாளுக்குக் கீழே மேசை போட்டு இருந்த காலம். வந்த சனம் தாங்கிக்கு முன்னால் நின்று சிரித்துப் படம் எடுத்தது. பிறகு என்னையும் படம் எடுத்தது. அவர்கள் கெட்ட ஆட்களில்லை. ஒருவர் தன் கைமணிக்கூட்டைத் தந்து பற்றறி போடச் சொன்னார், கேட்டதைவிடக் கூடக் காசு தந்தார். ஆனாலும் அந்தச் சிரிப்பு எனக்குள்ளே இருந்திருக்கிறது, லண்டனில் வெளியே வந்தது.

அக்கா அப்படியில்லை. வைரத்துக்கு நேரே போனார். நகரும் தரையில் நிற்கவேண்டும், அது எங்களைக் கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் கொண்டுபோகும். படம் எடுக்க விட மாட்டார்கள், ஆனால் சுற்றி வந்து திரும்ப ஏறலாம். அக்கா மூன்று தரம் ஏறினார். கோகினூர் யார் யார் கையில் இருந்து எப்படி வந்தது என்று இப்போது அங்கேயே காட்டுகிறார்கள்: முகலாயர், பாரசீகர், ஆப்கானியர், சீக்கியர். 1849இல் ஆங்கிலேயர் பஞ்சாப்பைப் பிடித்து வைரத்தையும் எழுதி வாங்கியபோது சீக்கிய அரசன் துலீப் சிங்குக்குப் பத்து வயது. பேரன் அதை வாசித்துச் சொல்ல, அக்கா கேட்டார்: "பத்து வயதுப் பெடியனிட்டயோ கையெழுத்து வாங்கினவை?" அந்தக் கேள்விக்காகவே 30 பவுண் கொடுக்கலாம்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். திறக்கிற நேரத்துக்கே போய் முதலில் வைரத்தைப் பாருங்கள், பிந்தினால் வரிசை நீளும். காகங்களையும் பாருங்கள், எங்கள் அண்டங்காகம் மாதிரி, அதைவிடப் பெரிசு. ஆறு காகம் எப்போதும் இருக்கவேண்டும், போய்விட்டால் ராச்சியம் விழுந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை.

ஏப்ரல் 20

பீரங்கிகளைப் பற்றி எழுத மறந்துபோனேன். ஆற்றங்கரைப் பக்கம் வரிசையாக நிற்கின்றன. "பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையில பிடிச்ச பீரங்கி இதுக்குள்ள நிக்குமோ?" என்று அக்கா கேட்டார். 1803இல் வன்னி அரசனான அவன் ஆங்கிலேயரிடமிருந்து அந்தக் கோட்டையைப் பிடித்துப் பீரங்கியையும் கொண்டுபோனவன் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அக்காவுக்கு நினைவிருந்தது. அதே வருடம் ஒக்ரோபர் 31 அன்று கற்சிலைமடுவில் ஆங்கிலேயப் படையின் கப்டன் டிறிபேர்க் அவனைத் தோற்கடித்ததாக ஒரு கல் நட்டார்கள். லண்டனில் இதைச் சொல்கிற பலகை ஒன்றும் என் கண்ணில் படவில்லை. ஒட்டுசுட்டான் பக்கம் போகிறவர்கள் ஒருதரம் இறங்கிப் பாருங்கள், ரிக்கற் இல்லை.

மே 21

கடை மூன்று நாள் பூட்டு. முள்ளிவாய்க்காலுக்குப் போய் வந்தோம்.

வெஸ்ற்மின்ஸ்ரர் தேவாலயம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதுவும் காசுதான், 30 பவுணுக்குக் கிட்ட. மாலை வழிபாட்டுக்குப் போனால் காசில்லை, ஆனால் சுற்றித் திரிய விட மாட்டார்கள். 1066இலிருந்து முடிசூட்டு அங்கேதான் நடக்கிறது. ராசாக்கள், புலவர்கள், நியூற்றன் எல்லாரும் அங்கே அடக்கம். சனம் அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டு நடக்கிறது.

அக்கா கீழே பார்த்துக்கொண்டு நடப்பவர், முழங்கால் காரணம். மேற்கு வாசல் பக்கத்தில் நின்றுவிட்டார். தரையில் ஒரு கறுப்புச் சலவைக்கல், சுற்றிவரச் சிவப்புப் பூ. அந்தத் தேவாலயத்தில் எல்லாக் கல்லறையிலும் மிதித்துத்தான் நடக்கிறார்கள், இதில் மட்டும் யாரும் கால் வைப்பதில்லை.

"இது ஆற்ற பிள்ளை?" என்றார்.

முதலாம் உலகப் போரில் பிரான்சில் செத்த ஒரு சிப்பாய், யாரென்று தெரியாது, 1920 நவம்பர் 11இல் கொண்டுவந்து ராசாக்களுக்கு நடுவில் அடக்கம் செய்தார்கள், அங்கத்தைய மண்ணையும் கொண்டுவந்து போட்டார்கள் என்று பேரன் சொன்னான்.

"பேர் தெரியாதோ?"

"தெரியாது அம்மம்மா."

"அப்ப எந்தத் தாயும் வந்து என்ர பிள்ளை எண்டு இருக்கலாம்."

அக்காவின் மூத்தவன் 2009 சித்திரைக்குப் பிறகு இல்லை. எங்கேயென்று யாரும் சொல்லவில்லை. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் தாய்மார் இருக்கத் தொடங்கியபோது அக்காவும் போய் இருந்தவர், இப்போதும் மாதத்தில் ஒருநாளாவது போவார். அந்தக் கல்லின் ஓரத்தில் அக்கா பதினைந்து நிமிடமாவது நின்றிருப்பார். தேவாலயத்து ஊழியர் ஒருவர் கதிரை கொண்டுவந்து வைத்தார். அக்கா இருக்கவில்லை.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவதா என்பது உங்களுக்குத்தான் தெரியும் பிள்ளை. மார்ச்சில் போட்ட என் கணக்கில் இந்த இடமே இல்லை.

ஜூன் 13

லண்டனிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். பந்து விழுந்ததை அம்மா பார்த்தார், சுரங்கத்தாலும் நடந்தார், வெஸ்ற்மின்ஸ்ரர் தேவாலயத்துக்குப் போகவில்லை. நல்லது. ஹரிசனின் நாலாவது ஏன் நிற்கிறது, பழுதா என்று கேட்கிறீர்கள். பிறகு எழுதுகிறேன் என்று மார்ச்சில் சொன்னது இப்போதுதான் நிறைவேறுகிறது.

பழுதில்லை. சாவி கொடுத்தால் ஓடும். முதல் மூன்றுக்கும் எண்ணெய் தேவைப்படாதபடி ஹரிசன் செய்திருக்கிறார், அதனால் ஓட விடலாம். நாலாவதுக்கு எண்ணெய் வேண்டும், ஓடினால் தேயும். தேய்ந்தால் ஹரிசன் கை வைத்த பாகத்தை மாற்றவேண்டி வரும். ஆகவே நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

அது எனக்கு ஒரு வருடமாக மனதில் கிடக்கிறது. என்னிடம் ஒரு பிஸ்கற் ரின்னில் பதினொரு கைமணிக்கூடு இருக்கிறது. 2008இல் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது திருத்த வந்து கிடந்தவை. திருத்துகிற சாமான் பெட்டியோடு கட்டித் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கொண்டு திரிந்தேன், முகாமுக்கும் கொண்டுபோனேன். எல்லாம் சாவி கொடுக்கிறவை. பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றறி வராது, அதனால் வன்னியில் பழைய சாவி மணிக்கூடுகளுக்குத்தான் மதிப்பு. முதலில் பதினாறு இருந்தது. மூன்று பேர் முகாமிலேயே வந்து வாங்கினார்கள். ஒருவர் 2016இல் கனடாவிலிருந்து வந்து கேட்டார். ஒருவரின் மகள் வந்தாள், துண்டில் எழுதியிருந்த பெயரைக் காட்டினேன், தகப்பனின் பெயர். மிச்சப் பதினொன்றுக்கும் மாதம் ஒருதரம் சாவி கொடுப்பேன்.

கிரீனிச்சில் அந்த நாலாவதைப் பார்த்துவிட்டு வந்த நேரம், இவற்றையும் நிறுத்திவிட்டால் என்ன, தேயாமல் இருக்குமே என்று யோசித்து மூன்று மாதம் கொடுக்காமல் விட்டேன். பிறகு ஒன்றைத் திறந்து பார்த்தால் எண்ணெய் பிசினாக இறுகத் தொடங்கியிருந்தது. துடைத்து, புது எண்ணெய் விட்டு, பதினொன்றுக்கும் சாவி கொடுத்துவிட்டேன். கேட்டு வருகிறவரிடம் நின்ற மணிக்கூட்டைக் கொடுக்க எனக்கு மனம் வராது.

உங்களுக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறதல்லவா? சயன்ஸ் மியூசியத்தின் இரண்டாம் மாடிக்குப் போங்கள், மணிக்கூட்டுத் தொழிலாளர் சங்கத்தின் சேகரிப்பு அங்கே இருக்கிறது. ஹரிசனின் ஐந்தாவதும் அங்கேதான், அரசன் மூன்றாம் ஜோர்ஜ் தானே பக்கத்தில் வைத்துச் சோதித்துப் பார்த்தது. இலவசம், ஆறு மணிக்குப் பூட்டுவார்கள். படம் எடுத்தால் பின்மூடியையும் சேர்த்து எடுத்து அனுப்புங்கள், எனக்குப் பார்க்கவேண்டும்.